கேஸ் மாத்திரை: 'வெறும் வயிறு' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்

கம்பத்தில் மருந்துக்கடை கவுன்டரில் நின்று இருபது வருஷம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நான் செய்த தவறையே செய்யும்போது மனசு பொறுக்கவில்லை. காலாவதி தேதி பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் வயிறு என்றால் எத்தனை மணி?

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையான பான்டோப்ரசோல் அட்டையின் மேல் 'காலை, வெறும் வயிறு' என்று பேனாவால் எழுதி நீட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நீட்டினேன். வாங்கியவர் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற ஒரு அக்கா. ஐந்து மணிக்கு எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு ஐந்தரை ஜீப்பில் ஏறிவிடுவார். தூக்குவாளியைத் திறப்பது பத்து மணிக்கு.

மூன்று மாதம் ஆகியும் நெஞ்செரிச்சல் விடவில்லை. டாக்டர் இரண்டு வேளையாக்கினார். அப்புறம் தேனிக்குப் போய் எண்டோஸ்கோபி. பெரிதாக ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. செலவு போக இரண்டு நாள் கூலியும் போயிற்று. அதற்குப் பிறகுதான் கேட்டேன்:

"காலையில எத்தனை மணிக்குக்கா சாப்பிடுவீங்க?"

"பத்து ஆயிரும் தம்பி. ஒருத்தரும் இதைக் கேக்கலையே."

இந்த மாத்திரை சிறுகுடலில் கரைந்து, ரத்தம் வழியாக இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குப் போகிறது. அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இதனால் அடைக்க முடியும். பம்புகள் மும்முரமாக ஓடுவது சாப்பாடு உள்ளே போகும்போது. ரத்தத்தில் ஏறிய மருந்தோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஐந்து மணிக்குப் போட்டது பத்து மணிக்குப் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நேரம் பொருந்தினால் கதையே வேறு. அடைபட்ட பம்பு திரும்ப ஓடாது, உடம்பு புதுப் பம்பு செய்தாக வேண்டும். அதனால்தான் ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்குகிறது. முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும்.

சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். அந்த அக்கா மாத்திரையைத் தூக்குவாளிப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒன்பதரைக்குப் போட ஆரம்பித்தார். எரிச்சல் அடங்கியது, டாக்டரும் மறுபடி ஒரு வேளையாக்கினார். போன வாரம் எங்கள் கடைப் பையன் ஒரு ஜீப் டிரைவருக்கு அதே இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தான். சாப்பிடும் நேரத்தைக் கேட்க அரை நிமிஷம் போதுமே!

பொடித்துக் கொடுப்பது

கூடாது. மேல்பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

ஒமிப்ரசோலோடு க்ளோபிடோக்ரல்

ஒமிப்ரசோலும் இதே வகைக் கேஸ் மாத்திரைதான்; க்ளோபிடோக்ரல் ரத்தம் கட்டிவிடாமல் தடுக்கும் மாத்திரை. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவரின் சீட்டில் இரண்டும் இருந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள். க்ளோபிடோக்ரலின் வேலையை ஒமிப்ரசோல் குறைக்கும்.

பட்டென்று நிறுத்துவது

மாதக்கணக்கில் போட்டவர் நிறுத்தினால் கொஞ்ச நாள் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி அட்டை வாங்க வருவார்கள். டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்பாரில்லாமல் வருஷக்கணக்கில் போட்டாலும் பி12, மெக்னீசியம் குறைய இடமுண்டு.

நெஞ்சுவலிக்குக் கேஸ் மாத்திரை

வியர்த்துக் கொட்டி, வலி தாடைக்கோ கைக்கோ பரவுகிறது என்றால் அட்டையை எடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.