புகைக்கூண்டுக்கு ஒரு நாள்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு லடாக்கிலுள்ள லேயிலிருந்து என் தங்கை மகன் கூப்பிட்டான். "மாமா, இந்த வருசம் இன்னைக்குத்தான் புகாரியப் பத்த வச்சேன். பொக பூராம் ரூமுக்குள்ளயே திரும்புது. தல வேற வலிக்கி."

"எல, மொதல்ல கதவத் தொறந்து போட்டுட்டு வெளிய வா. மத்தத அப்புறம் பேசுவோம்."

அவன் வெளியே வந்து நின்றதும் கேட்டேன்: "கொழாயக் கடைசியா எப்பம் தட்டுன?" அறைக்கு வந்து ஒரு வருசமாகிறது, தட்டவே இல்லையாம்.

புகாரி என்பது அங்கே அறைக்கு நடுவில் வைக்கும் தகர அடுப்பு. அதிலிருந்து ஒரு தகரக் குழாய் ஏறிக் கூரைக்கு வெளியே போகும். பட்டாளத்தில் இருந்தபோது இரண்டு குளிர்காலம் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான். இப்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம், அப்பா கட்டிய வீட்டில் செங்கல் புகைக்கூண்டோடு குடித்தனம். கேஸ் இருந்தாலும் வெந்நீரும் நெல் அவிப்பதும் விறகில்தான். அவனுக்குப் போனில் சொன்னதையும் நான் வீட்டில் செய்வதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தலைவலி. புகை போகும் வழி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு அறையிலேயே தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் குளிர்தான் காரணம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அப்படியே போன உயிர்கள் உண்டு. குழாயைச் சுத்தம் செய்யாமல் அடுப்பைத் தொடவே கூடாது. சுத்தம் செய்த பிறகும் ஜன்னல் ஒரு விரலாவது திறந்திருக்கட்டும்.

உள்ளே படிவது எல்லாம் ஒரே கரி இல்லை. தொட்டால் மாவாக உதிர்வது வாரியலுக்கே (விளக்குமாற்றுக்கே) வந்துவிடும். இன்னொன்று தார் மாதிரிப் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிரியோசோட் என்பது அதுதான். விறகுப் புகை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அதிலுள்ள பசை சுவரில் படிகிறது. லேயில் காற்றில் ஈரமே இல்லை, விறகு நன்றாகவே காயும். ஆனால் தீ விடியும்வரை நிற்க வேண்டும் என்று அடுப்பின் காற்று வழியை அடைத்துவிட்டுப் படுப்பார்கள். கங்கு மூச்சுத் திணறிப் புகையும். அந்தப் புகை கூரைக்கு வெளியே குளிரில் நிற்கும் குழாயில் பட்டதும் தாராகிவிடும். அதனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது வெளித்துண்டைத்தான். நமக்குக் குளிர் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த உடைமர விறகையும் தேங்காய்க் கதம்பையையும் அப்படியே திணிக்கிறோமே! தார் அதே தார்தான்.

டார்ச் அடித்து, திருப்புளியால் சுரண்டிப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் கனம், அதாவது தீக்குச்சிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் உடனே எடுக்க வேண்டும். இல்லாவிட்டாலும் வருசத்துக்கு ஒருமுறை. நான் புரட்டாசியில் செய்கிறேன். ஆடிக் காற்று ஓய்ந்திருக்கும், மழை இறங்கியிருக்காது.

கருவி வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் கூண்டு 9 அங்குலச் சதுரம். புது ஈர்க்கு வாரியல் இரண்டை அடிப்பக்கம் சேர்த்துக் கட்டி, ஈர்க்குகளை நாலு பக்கமும் விரித்து, கூண்டைவிட அரை அங்குலம் அகலமாக வெட்டிக்கொள்வேன். கட்டின் மேலே ஒரு தேங்காய்க் கயிறு, கீழே ஒரு கயிறு. கீழ்க்கயிற்றில் அரைச் செங்கல். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) நான், அடுக்களையில் மச்சினன். அவன் இழுக்க, நான் இழுக்க, பத்துத் தடவை. முதல் வருசம் அடுப்பு வாயைப் பேப்பரால் மூடிவிட்டு இழுத்தேன். செங்கல் இறங்கிய வேகத்தில் பேப்பர் கிழிந்து, மதினி ஆட்டி வைத்திருந்த தோசை மாவு வரைக்கும் கறுப்பு. இப்போது ஈரச் சாக்கு, அதில் கயிறு போக ஒரு ஓட்டை மட்டும். மாவு அடுத்த வீட்டில்.

தாருக்கு வாரியல் பத்தாது. செங்கல் கூண்டென்றால் கொத்தனாரை வைத்துச் சுரண்டுங்கள். தீயில் உப்பை அள்ளிப் போட்டால் இறங்கிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். தகரத்தை அரித்துவிடும். தாரோடு விட்டுவைத்தால் ஒருநாள் கூண்டுக்குள்ளேயே தீப்பிடிக்கும், ரயில் வருவது போல இரையும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் செங்கல் வெடிக்கும். காற்று வழியை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டில் மாடி எடுத்த வருசம், சுத்தமான கூண்டிலும் புகை திரும்பியது. கூண்டு கூரைக்கு மேலே 3 அடியாவது இருக்க வேண்டும். 10 அடிக்குள் நிற்கும் எதையும்விட 2 அடி உயர வேண்டும். நாலு வரிசை செங்கல் ஏற்றினேன், சரியாகிவிட்டது. உச்சியில் காக்கா கூடு கட்டாதபடி கம்பி வலை உண்டு.

மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளாமல் கரியைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். சிம்னி துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவிட்டார். ஆற்றங்கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அந்தக் கோலத்தில் தாமிரபரணியில் போய் இறங்க வேண்டாம். வீட்டுக் குளியலறையே போதும்.

விறகைப் பிளந்து, மழை படாமல் ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். 'தொப்'பென்றால் இன்னும் ஈரம்.

தகரக் குழாய்க்கு இந்த வாரியலெல்லாம் வேண்டாம். அடுப்பு நன்றாக ஆறியதும் துண்டு துண்டாகக் கழற்றி, வெளியே கொண்டுபோய்க் கட்டையால் தட்டினால் போதும். திரும்ப மாட்டுவதில்தான் பலரும் தப்புச் செய்வார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை நெளிநெளியாகச் சுருங்கியிருக்கும். அது கீழ்நோக்கி, அடியில் இருக்கும் துண்டுக்குள் போக வேண்டும். அப்போதுதான் கசியும் தார் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழும்.

மறுநாள் மருமகன் படம் அனுப்பினான். அரை வாளிக் கரி. அடுத்த படத்தில் மாட்டிய குழாய், நெளிமுனை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றி மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.