முத்துக்குளித்துறை ஊர்களின் எதிர்காலத்துக்காக மன்றாட்டுத் தயாரிப்பது எப்படி

ஊர்த் திருவிழாவிலும், ஜூலை இரண்டாம் ஞாயிறன்று வரும் கடல் ஞாயிறிலும், நவம்பர் 21 உலக மீனவர் தினத்திலும் திருப்பலியில் எல்லாருடைய தேவைகளுக்காகவும் சொல்லப்படும் விசுவாசிகள் மன்றாட்டைத் தயாரிக்கும் பொறுப்பு, கடற்கரைப் பங்குகளில் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அன்பியத்திடமோ (பங்கின் அண்டைவீட்டுக் குடும்பங்களின் குழு) இளையோர் குழுவிடமோ ஒப்படைக்கப்படுகிறது. முந்தைய நாள் இரவில் அவசரமாக எழுதப்படும் மன்றாட்டில், "எங்கள் மீனவ மக்களை ஆசீர்வதியும், அவர்கள் எதிர்காலத்தை ஒளிமயமாக்கும்" என்ற வகை வரிகளே மிஞ்சுகின்றன. இவ்வரிகளில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இவற்றை எந்தக் கடற்கரையிலும் வாசித்துவிடலாம். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் ஐந்து நூற்றாண்டுக் கிறிஸ்தவ நினைவைத் தாங்கி நிற்கும் ஊர்கள், தங்கள் நிலத்தையும் நீரையும் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்படைக்கத் தகுதியுடையவை. அப்படி ஒரு மன்றாட்டை எழுத இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி எழுதுவதற்கு அல்ல, கேட்பதற்கும் பார்ப்பதற்குமே செலவாக வேண்டும்.

முதலில் வரலாற்றைத் திரட்டுங்கள். 1530களில் முத்துக்குளிப்பைச் சுற்றி எழுந்த கடும் மோதலின் நடுவே பரதவர் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியதும், அதைத் தொடர்ந்து 1535க்கும் 1537க்கும் இடையில் இக்கடற்கரை மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றதும் நாம் அறிந்தவை. நம் முன்னோரின் மனமாற்றத்தில் பாதுகாப்புத் தேடிய அச்சமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1542 அக்டோபரில் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்தவர்களின் உதவியோடு விசுவாச அறிக்கையையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும், அருள் நிறைந்த மரியே செபத்தையும், பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, கையில் மணியோடு தெருவில் நடந்து சிறுவர்களைக் கூட்டி மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அச்சிறுவர்கள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குக் கற்பித்தார்கள். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது; தமிழ் எழுத்தில் அச்சானவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அதுவே. 1658இல் தூத்துக்குடி போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் வசமான பின்பும் மக்கள் தங்கள் கத்தோலிக்க வழிபாட்டைக் கைவிடவில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஒன்று, பாதுகாத்தவர்கள் போன பிறகும் நிலைத்தது. நன்றி கூறும் மன்றாட்டு ஒன்றுக்கு இதைவிட நல்ல பொருள் நமக்கு வேண்டியதில்லை.

இவை எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. உங்கள் ஊருக்கே உரியதை அறிய மூத்தவர்களிடம் செல்லுங்கள். "பழைய காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று இளைஞராக இருந்தவர்கள் இன்று மிக முதியவர்கள். ஆகவே, அந்த ஆண்டில் உங்கள் வீட்டிலிருந்து யார் பாருக்கு (முத்துச்சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டு)ப் போனார்கள், சங்கு குளிக்கப் போனவருக்குக் கயிறு பிடித்தவர் யார், எந்த ஆண்டில் உங்கள் வீட்டு வலை நூலிலிருந்து நைலானுக்கு மாறியது என்று குறிப்பாகக் கேளுங்கள். நீருக்குள் இறங்குபவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவரின் கையில் இருப்பதால், தங்கை தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பான் என்று மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இப்படிப்பட்ட ஒரு செய்தி கிடைத்துவிட்டால், ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கும் உறவுக்காக மன்றாடும் வரி தானாகவே வந்துவிடும்.

கேட்டதை எழுதும்போது ஆவணச் செய்தியையும் ஊர்வழக்கையும் பிரித்து வையுங்கள். மணப்பாட்டுச் சிலுவை, புயலில் தப்பிய கப்பலின் பாய்மரத்திலிருந்து செய்யப்பட்டது என்பது தலைமுறைகள் போற்றும் மரபு. அதை மரபாகவே சொல்வது அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் பார்க்க விரும்பினால் பங்குத்தந்தையின் இசைவைப் பெற்று, கோவில் பணியாளரான கோவில்பிள்ளையோ மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாரோ உடனிருக்கப் பாருங்கள். தனியாட்களின் பெயர்களை வெளியே கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது நில அமைப்பு. இதைத்தான் பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுகின்றன. என் பார்வையில் மன்றாட்டுக்கு உயிர் கொடுப்பதே இதுதான். குழுவாகக் கரைக்குச் சென்று, ஒரு பெரிய தாளில் ஊரின் படத்தை வரையுங்கள். வள்ளங்கள் இழுத்து வைக்கப்படும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், சாக்கடை கடலில் கலக்கும் இடம், உப்பளங்களின் எல்லை, கடலரிப்பைத் தடுக்கக் கல்லால் தூண்டில் வளைவு போட்ட பிறகு மணல் சேர்ந்த பக்கமும் அரித்த பக்கமும், மாதா கெபியும் சிலுவை நிற்கும் குருசடியும் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கருவாட்டுக்கும் மீன் விற்பனைக்குமான இடத்தைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்; அந்த இடம் ஆண்டுக்காண்டு எவ்வளவு சுருங்கியது என்பதை அவர்களே துல்லியமாகச் சொல்வார்கள்.

தாமிரபரணி முகத்துவாரத்தைச் சேர்ந்தவர்களுக்கு நிலமே வரலாறு சொல்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆறு கொண்டுவந்த வண்டலால் கடலை இழந்து இன்று பல கிலோமீட்டர் உள்ளே வயல்வெளியில் நிற்கிறது. அதன் பின் எழுந்ததும் மார்க்கோ போலோ குறிப்பிட்டதுமான காயல், பழையகாயலாகி அதுவும் தூர்ந்தது. அதற்கும் பின்னர் புன்னைக்காயல் துறையானது. ஒரே ஆற்றின் வாயில் மூன்று துறைகள் அடுத்தடுத்துத் தோன்றியிருக்கின்றன. எதிர்காலத்துக்காக மன்றாடுவோர், ஊர்கள் இடம்பெயர்வதும் துறைகள் மூடுவதும் இக்கரைக்குப் புதியவையல்ல என்பதை அறிந்து மன்றாட வேண்டும்.

கடல் பக்கம் பார்த்தால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் சுருங்கி வந்ததால், அண்மை ஆண்டுகளில் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. இதைத் தெரிந்துகொண்ட குழு, "இயற்கையைக் காத்தருளும்" என்று மட்டும் எழுதி நிறுத்த இயலாது.

இனி எழுதலாம். உரோமைத் திருப்பலி நூலின் வழிகாட்டுதல்படி மன்றாட்டுகளின் வரிசை பொதுவாகத் திருச்சபையின் தேவை, நாட்டை ஆள்வோரும் உலகின் மீட்பும், துன்புறுவோர், உள்ளூர்ச் சமூகம் என்று அமையும். தொடக்க உரையும் நிறைவு செபமும் குருவுக்கு உரியவை. அதே வழிகாட்டுதல், கருத்துகள் சில சொற்களில், நிதானமாக, முழுச் சமூகத்தின் செபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து அல்லது ஆறு மன்றாட்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செய்தி இருக்கட்டும். இறைவனை அச்செய்திக்குப் பொருந்திய பெயரால் அழைத்து, நிலைமையை ஒரு தொடரில் சொல்லி, வேண்டுவதை வெளிப்படையாகக் கேட்டு முடிக்க வேண்டும்.

கடலுக்குச் செல்வோருக்கான மன்றாட்டை எடுத்துக்கொள்வோம். "கடலில் செல்வோரைப் பாதுகாத்தருளும்" என்பதை இப்படி விரித்து எழுதலாம்:

"காற்றையும் கடலையும் அடக்கிய ஆண்டவரே, கச்சான் காற்று வலுத்து வீசும் இம்மாதங்களில் தொழிலுக்குச் செல்லும் எங்கள் சகோதரர்கள் வானிலை எச்சரிக்கையை மதித்து நடக்கவும், கடலுக்குப் போக முடியாத நாள்களிலும் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரியவும் அருள்புரிய வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

எச்சரிக்கையை மீறி ஒருவர் கடலுக்குப் போவது பெரும்பாலும் துணிச்சலால் அல்ல, கடனாலும் பசியாலும்தான் என்பதை அறிந்த வரி அது. திருவிழா வாடைக் காலத்தில் வந்தால் கச்சானை எடுத்துவிட்டு அக்காலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். கரையில் இருப்போர் அந்தப் பிழையை உடனே கண்டுகொள்வார்கள். அதேபோல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாள்களில் வரும் திருப்பலியில் வேலையின்றிக் கரையில் இருக்கும் படகுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மன்றாட்டை ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும்.

பவளப்பாறைகளைப் பற்றி எழுதும்போது குற்றம் முழுவதையும் பிறர்மேல் சுமத்திவிடாதீர்கள்:

"கடலையும் அதிலுள்ள அனைத்தையும் படைத்த தந்தையே, பவளப்பாறைகளை வெட்டியெடுத்த தலைமுறைகளின் பிழையை எங்கள் பிழையாகவே ஏற்கிறோம். எஞ்சியுள்ள தீவுகளையும் மீன்குஞ்சுகள் வளரும் பார்களையும் காக்கும் பணியில், கடலை நம்பி வாழும் ஏழைகளின் உரிமை மறுக்கப்படாமல் மீனவரும் ஆய்வாளரும் அரசும் இணைந்து செயல்பட அருள்புரிய வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

பூங்காவின் எல்லைக் கட்டுப்பாடுகளால் வாழ்வு நெருக்கப்பட்டவர்களும் அதே கோவிலில் அமர்ந்திருப்பார்கள் என்பதால் நடுவில் உள்ள அந்த உரிமைத் தொடரை விட்டுவிடக் கூடாது.

ஊருக்குள் பிளவு உள்ள செய்திகளில் கூடுதல் கவனம் தேவை. விசைப்படகு உரிமையாளரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே பெஞ்சில் முழந்தாளிட்டிருக்கும்போது, ஒருவரைச் சுட்டிக்காட்டும் மன்றாட்டு செபமாகாது. "வரும் தலைமுறைக்கும் மீன் மிஞ்சும்படி நாங்கள் எங்கள் வலைகளுக்கு எல்லை வகுத்துக்கொள்ள" என்று 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் எல்லாரையும் கொண்டுவரலாம். அதற்காக உண்மையான துயரத்தை மௌனமாக்கவும் கூடாது. 2018 மே மாதம் நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 13 பேரை நினைவுகூரும் பங்குகள், அதை மறைமுகமாகச் சொல்லாமல் நேராகச் சொல்லி, இறந்தோருக்கு இளைப்பாற்றியையும் குடும்பங்களுக்கு நீதியையும் கேட்கலாம். அதற்கு மேல் மேடைப் பேச்சின் நடையை உள்ளே விட வேண்டாம்.

இறைவாக்கைத் தேர்வதிலும் இதே உணர்வு வேண்டும். மாற்கு 4:35-41இல் இயேசு புயலை அடக்கும் பகுதி கடற்கரைக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால், ஊரில் ஒருவர் அண்மையில் கடலில் மாண்டிருந்தால், அல்லது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலோ 2017 ஒக்கி புயலிலோ இறந்தோரை நினைவுகூரும் நாளாக இருந்தால், அப்பகுதியை மன்றாட்டின் அடிப்படையாகக் கொள்ளாமல் இருப்பதே நல்லது. அவர்களின் புயல் அடங்கவில்லை; மகனைக் கடலில் இழந்த தாய் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பாள். திருப்பாடல் 130, அல்லது இரவெல்லாம் உழைத்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்காக உயிர்த்த ஆண்டவர் கரையில் உணவு ஆயத்தம் செய்து காத்திருந்த யோவான் 21, இந்நாள்களுக்கு ஏற்றவை. மகிழ்ச்சியான திருவிழா நாளில் திருப்பாடல் 107:23-32 சிறப்பாகப் பொருந்தும்.

இளையோருக்கான மன்றாட்டில் ஒரு முடிவை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்வோரும், படித்து நகரங்களில் தங்குவோரும், தந்தையின் வள்ளத்திலேயே தொடர்வோரும் நம் பிள்ளைகளே. ஊரைவிட்டுப் போவதை மட்டும் முன்னேற்றமாகவும் தொழிலில் தொடர்வதைப் பின்னடைவாகவும் காட்டும் மன்றாட்டைக் கேட்கும் பதினேழு வயதுப் பையன், தன் தந்தையின் கைகளைப் பற்றி என்ன நினைப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவரவர் தேர்ந்த வழியில் மாண்போடும் நியாயமான கூலியோடும் வாழவும், தொலைவில் இருப்போர் ஊரை மறவாதிருக்கவும் கேட்பது போதும். அக்கம்பக்கத்தாருக்கான ஒரு வரியும் இருக்கட்டும்: காயல்பட்டினத்து முஸ்லிம்களும், திருச்செந்தூர் முருகனை வழிபடுவோரும், உப்பளத் தொழிலாளர்களும் இதே கரையின் மக்கள், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள்.

எழுதி முடித்ததும் உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் தொடரை இரண்டாக்குங்கள். பங்குத்தந்தையிடம் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன் கொடுங்கள்; இறந்த ஒருவரைக் குறிப்பிட்டால் அவர் குடும்பத்தினரிடம் முன்பே சொல்லி இசைவு பெறுங்கள். வாசிப்பவர்களில் ஒருவராவது தொழிலுக்குச் செல்பவராகவும், ஒருவராவது மீன் விற்கும் பெண்ணாகவும் இருக்கட்டும்; எழுத்துக்கூட்டி வாசிக்கத் தயங்குவோருக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள், சவேரியார் காலம் முதல் இக்கரை அப்படித்தான் செபம் கற்றது. ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பதிலுரைக்கும் இடையில் சிறிது அமைதி விடுங்கள்.

திருப்பலிக்குப் பின் அந்தத் தாளையும் வரைந்த படத்தையும் பங்கு அலுவலகத்தில் ஒரு கோப்பில் தேதியிட்டு வையுங்கள். அடுத்த ஆண்டின் குழு அதைத் திறந்து, படத்தில் எது மாறியிருக்கிறது, எந்த வேண்டுதல் நிறைவேறியது, எது இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது என்று குறித்த பிறகே புதிய மன்றாட்டை எழுதத் தொடங்க வேண்டும்.