ஸா பிடித்ததும் குரல் வந்தது

நாலு பேர் முன்னால் பேச எழுந்தாலே என் குரல் தொண்டைக்குள் போய்விடும். வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் யாருக்கும் கேட்காது. அதைச் சரிசெய்தது பாட்டுப் பயிற்சிதான்.

மேடையேறும் எண்ணமெல்லாம் இல்லை. காலையில் சுருதிக்காகத் தம்புரா ஒலிக்கும் செயலியைப் போட்டுவிட்டு, மூச்சு தீரும்வரை முதல் ஸ்வரமான ஸா மட்டும் பிடிப்பேன். சுருதி லேசாக விலகினால் காதில் ஒரு விம்மல் கேட்கும், சேர்ந்துவிட்டால் அடங்கிவிடும். அதைக் கவனிக்கக் கவனிக்கத்தான் தெரிந்தது: மூச்சு குறையும்போது எனக்குத் தோள் ஏறுகிறது, தாடை இறுகுகிறது, சுருதி இறங்குகிறது. பேசும்போதும் அதேதான்! தோளைத் தளர்த்தி, வயிறு விரிய மூச்செடுக்கப் பழகியதும் கடைசிச் சொல்வரை குரல் நின்றது.

பாடியதைப் பதிவுசெய்து கட்டாயம் கேளுங்கள். யாரோ பாடுவதுபோல் இருக்கும். நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உட்காதுக்குப் போவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. பிறர் கேட்பது பதிவில் வரும் குரலைத்தான். எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போக நாளானது. இப்போது மிகவும் பிடிக்கும்.

பிறகு கர்நாடக இசையின் ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை, மெதுவான முதல் காலத்தில் மட்டும். நான் எவ்வளவு அவசரப்படுகிற ஆள் என்பதைத் தாளம் காட்டிக்கொடுத்தது. இன்று யார் கேள்வி கேட்டாலும் ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் சுருதியைக் குறைத்து வைத்துப் பாடலாம்.