சூடானால் நிற்கும் பத்மினி: காயிலா, பெட்ரோலா?

என்னுடைய பிரீமியர் பத்மினி கார் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஒரு மூச்சில் போய்விடும். மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் மட்டும் இருபது நிமிடத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் மறுபடி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பலன் இல்லை. கடைசியில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்தான் சொன்னார்: "மக்களே, ஆறினதுக்கு அப்புறம் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நின்ன உடனே பாரு."

அதனால் டிக்கியில் எப்போதும் இவை இருக்கட்டும்: ஒரு பழைய ஸ்பார்க் பிளக், இரு முனையிலும் கிளிப் உள்ள வயர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், புதுக் கண்டென்சர் (பொறி உண்டாக்கக் காயிலுக்குத் துணை நிற்கும் சின்ன உருளை), தண்ணீர், பழந்துணி. டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றால் இது வேறு கோளாறு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

வண்டி நின்றதும் முதலில் ஸ்பார்க். இதற்கு முன் பெட்ரோல் குழாய் எதையும் கழற்ற வேண்டாம். 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்குவது காயில், அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் போகும் தடித்த வயரை உருவிப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உடம்பைக் கிளிப் வயரால் இன்ஜினோடு இணைத்து ஒதுக்கி வையுங்கள், கையில் பிடிக்கக் கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 'டக் டக்' என்று நீலப்பொறி வந்தால் காயில் பக்கம் குறையில்லை. மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ கோளாறு இங்கேதான்.

நான் சறுக்கியது இந்த இடத்தில். வீட்டுக்கு வந்து, வண்டி ஆறிய பிறகு, மல்டிமீட்டரில் காயிலை அளந்தேன். 3 ஓம் காட்டியது, சரிதான் என்று விட்டுவிட்டேன். காயிலுக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியின் இன்சுலேஷன் சூட்டில்தான் விட்டுக்கொடுக்கும். அதுவும் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்போது. மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது தெரியவே தெரியாது. இந்த வேலைக்கு மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப்தான் எனக்குப் பிடிக்கும். காயிலின் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்தான் பாயின்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும். காயிலின் பாயின்ட் பக்க முனைக்கும் பாடிக்கும் இடையில் லேம்பை மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். மினுக்மினுக் என்றால் பாயின்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் சேரவில்லை. எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயின்ட் பக்கம் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது.

லேம்ப் மினுங்கியும் பொறி இல்லையா? முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், விலை குறைவு. அதற்கும் மசியாவிட்டால் காயில். என் வண்டியில் காயில்தான். கை வைக்க முடியாத சூடு.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பாருங்கள். இக்னிஷனை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிவரைத் தள்ளுங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் வேப்பர் லாக். பம்ப் இன்ஜினிலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போகிறதா என்றும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் இளகிவிடும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: புதுக் காயில் போட்டும் ஒரு வாரத்தில் அதே கதை என்று தக்கலையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். அளந்து பார்க்கச் சொன்னேன்: 1.5 ஓம். அது, காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளுக்கான காயில். நேராக 12 வோல்ட் கொடுத்தால் இரட்டிப்புக் கரண்ட் இழுத்துத் தானும் கொதிக்கும், பாயின்ட்டையும் தீய்த்துவிடும். கடையில் 3 ஓம் காயில் என்று கேட்டு, அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மீட்டர் உதவுவது இதற்குத்தான்.