சட்டம் படிப்பவர்கள் உடை விஷயத்தில் செய்யும் தவறுகள்

சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். வாதாட எழுந்து வந்த மாணவி நன்றாகத் தயாராகி வந்திருந்தார். முன்தீர்ப்புகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன, குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் கோட்டின் கை, விரல்கள் வரை நீண்டு தொங்கியது. பக்கம் புரட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் என் கவனம் வாதத்திலிருந்து அந்தக் கைக்குப் போய்விட்டது. நடுவராக அது என் குறைதான். ஆனாலும் அவ்வளவு உழைத்த ஒரு பிள்ளையின் வாதத்துக்கும் என் காதுக்கும் நடுவே இரண்டு அங்குலத் துணி வந்து நின்றதே என்று இன்றுவரை வருத்தம் இருக்கிறது. டெய்லரிடம் கொடுத்திருந்தால் சுலபமாகச் சுருக்கித் தந்திருப்பார்.

சட்ட மாணவர்கள் உடையில் செய்கிற தவறுகளில் பெரியது இதுதான்: துணியின் விலையைப் பார்ப்பார்கள், பிராண்டைப் பார்ப்பார்கள், அளவை மட்டும் பார்க்க மாட்டார்கள். அண்ணனுடைய கோட்டு, தோழியின் கோட்டு, "இன்னும் வளருவாய்" என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கிய கோட்டு என்று எதையாவது மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடன் வாங்கிப் போடுவதில் தவறே இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

கோட்டு வாங்கும்போது முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் முடிய வேண்டும். அதைத் தாண்டித் தொங்கினாலும் உள்ளே இழுத்துப் பிடித்தாலும் அந்தக் கோட்டு வேண்டாம். கையைச் சுருக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கலாம். தோளை மட்டும் திருத்துவது பெரிய வேலை, செலவும் அதிகம், பல சமயம் சரியாகவும் வராது. அடுத்தது கை. கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும், சட்டையின் கை அதற்கு வெளியே கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை தெரிய வேண்டும். பட்டனைப் போட்டதும் வயிற்றுப் பக்கம் துணி பெருக்கல் குறி மாதிரி இழுபட்டால் கோட்டு இறுக்கம் என்று அர்த்தம். கடையில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்பதோடு விடாமல் உட்கார்ந்து பாருங்கள், கையை நீட்டிப் புத்தகம் எடுப்பதுபோல் செய்து பாருங்கள். வாதாடும்போது இதெல்லாம்தானே செய்யப்போகிறீர்கள்?

புதுக் கோட்டில் இன்னொரு விஷயம். பின்பக்கம் கீழே இருக்கும் பிளவைக் குறுக்காக ஒரு நூல் பிடித்திருக்கும். கடைக்கு வரும் வரை துணி மடங்காமல் இருப்பதற்காகப் போட்ட தற்காலிகத் தையல் அது. சிலர் அதைப் பிரிக்காமலேயே வருடக்கணக்கில் போடுகிறார்கள். நடக்கும்போது பின்னால் துணி உப்பிக்கொண்டு நிற்கும், போட்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கையின் வெளிப்பக்கம் ஒட்டித் தைத்த கம்பெனி லேபிளும் அப்படியே, வாங்கிய அன்றே பிரித்துவிட வேண்டியது. சின்னக் கத்தரியால் நூலை மட்டும் வெட்டுங்கள், பிடித்து இழுத்தால் துணி கிழியும். கோட்டின் கடைசிப் பட்டனைப் போடாமல் விடுவதும் வழக்கம். அப்போதுதான் உட்கார்ந்து எழும்போது கோட்டு தூக்காது.

அப்புறம் கறுப்பு. வக்கீல் என்றாலே கறுப்பு என்று மனதில் பதிந்துவிட்டதால் எல்லாரும் கறுப்புக்குப் போகிறார்கள். ஆனால் மலிவான பாலியஸ்டர் கறுப்பு, விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். தூசியும் முடியும் ஒட்டினால் உடனே தெரியும். ஒரு கடையில் வாங்கிய கோட்டும் இன்னொரு கடையில் வாங்கிய பேன்ட்டும் இரண்டுமே கறுப்புதான், ஆனால் வெயிலில் ஒன்று நீலம் பாய்ந்தும் மற்றது பழுப்படித்தும் தெரியும். கல்லூரியோ நீதிமன்றமோ கறுப்புதான் வேண்டும் என்று விதித்திருந்தால் கோட்டையும் பேன்ட்டையும் ஒரே துணியில் எடுத்துவிடுங்கள். விதி இல்லாத இடங்களுக்கு, அதாவது நேர்முகத் தேர்வு, அலுவலக இன்டர்ன்ஷிப் போன்றவற்றுக்கு, கருநீலமோ அடர் சாம்பலோ பல மடங்கு நன்றாக இருக்கும். வெள்ளைச் சட்டையை வாங்குவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தோல் நிறம் தெரிந்தால் துணி மெல்லியது. அப்படிப்பட்ட சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும், உங்கள் தோலின் நிறத்தை ஒட்டிய பனியன்தான் மறையும்.

எல்லா இடத்துக்கும் ஒரே உடையில் போவதும் தவறுதான். வகுப்புக்குத் தினமும் கோட்டு போட வேண்டிய அவசியமில்லை. கசங்காத சட்டையும் நல்ல பேன்ட்டும் போதும். சீனியர் வக்கீலின் அலுவலகமான சேம்பரில் முதல் நாள் என்றால் ஒரு படி கூடுதலாகவே உடுத்திப் போங்கள், அங்கே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இலவச சட்ட உதவி முகாமுக்கு மினுமினுக்கும் கோட்டில் போகாதீர்கள். வீட்டை இழந்து நிற்கிற ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து வாய் திறந்து பேச வேண்டும். உங்கள் உடை அவரை ஓரடி தள்ளி உட்கார வைக்கக் கூடாது. இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

வக்கீல்கள் கோட்டுக்கு மேல் போடும் அங்கியான கவுன் மேல் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் கவுனும் கழுத்துப் பட்டையும் அழகுக்காக எடுத்து மாட்டிக்கொள்ளும் பொருட்கள் இல்லை. எங்கே, யார் அணியலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி உண்டு. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளின்படி, சடங்கு நிகழ்ச்சிகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் வக்கீலே அவற்றை அணியக் கூடாது. அமெரிக்காவில் வக்கீல்கள் சாதாரண கோட்டு சூட்டில்தான் வாதாடுகிறார்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2011-இல், வக்கீல்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டால் மரபு உடை இல்லாமல் வாதாடலாம் என்று தளர்த்தியது. அதனால் மூட் போட்டிக்குப் போகும் முன் போட்டி விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஷூ விஷயத்தில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. போட்டிக்காகப் புது ஷூ வாங்கி, போட்டி அன்று காலையில்தான் முதல் முதலாகக் காலை நுழைப்பது. இரண்டு சுற்று முடிவதற்குள் குதிகால் கொப்பளித்துவிடும். வலியோடு நிற்பவர் உடம்பை ஒரு காலில் சாய்த்து நிற்பார். அதைத் தயக்கம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். ஹீல்ஸ் போடுபவர்கள், அதிலேயே ஒரு மணி நேரம் நிற்க முடிகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். உட்காரும்போது பேன்ட் மேலேறி கால் தெரியாத அளவு சாக்ஸ் நீளமாக இருக்க வேண்டும்.

ஸ்டைலாக இருக்கவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக இருக்கலாம். நல்ல நிறத்தில் ஒரு டை, அழகான கைக்கடிகாரம், முகத்துக்குப் பொருந்திய கண்ணாடி என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்கட்டும். வளையல் மேஜையில் இடித்தால் மைக் அதை அறை முழுக்கக் கேட்க வைக்கும். வாசனைத் திரவியத்தில் கை அடங்கட்டும், சேம்பர்கள் பெரும்பாலும் சின்ன அறைகள். சட்டைப்பையில் போனும் பேனாக்கூட்டமும் திணித்தால் எவ்வளவு நல்ல தையலும் வீண்.

கையில் பணம் குறைவு என்றால் அளவான ஒரு கோட்டு, மூன்று சட்டை, ஒரு ஜோடி ஷூ போதும். படிப்புக் காலம் முழுக்க ஓட்டலாம். கோட்டை அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள், கதவு ஆணியில் மாட்டினால் கழுத்துப் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். கனமான பையை ஒரே தோளில் தொங்கவிட்டால் அந்தத் தோளின் துணி முதலில் நைந்துபோகும், வழக்குக் கட்டுகளைக் கைப்பையில் எடுத்துப் போங்கள்.

போட்டிக்கு முந்தைய நாள் இரவு, ஷூ உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உங்கள் வாதத்தை ஒரு முறை முழுவதுமாகச் சொல்லிப் பாருங்கள். எது குத்துகிறது, எது நழுவுகிறது, எந்தப் பட்டன் ஆடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பையில் ஊசி, கறுப்பு நூல், வெள்ளை நூல், இரண்டு ஊக்கு, ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து அணியில் யாராவது கோட்டுப் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி நிற்பார்கள்.