இத்தாலிக்கு இருவர்: வேலூரிலிருந்து போடும் செலவுக் கணக்கு

இத்தாலிக்குச் சென்றுவர எண்ணும் தம்பதியர் பெரும்பாலும் விமானக் கட்டணத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். விமானக் கட்டணம் ஒரு முறை செலுத்தினால் முடிந்துவிடும் தொகை. பயணத்தின் நீளத்தையும் வசதியையும் தீர்மானிப்பது, அந்நாட்டு மண்ணில் இருவர் ஒரு நாளைக் கழிக்க ஆகும் செலவுதான். அந்த நாள் செலவை முதலில் கண்டுபிடித்துவிட்டால், எந்த நகரத்தைச் சேர்க்கலாம், எதை அடுத்த முறைக்கு விடலாம் என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். இங்கே உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பது ரோமில் 4 இரவு, புளோரன்ஸில் 3 இரவு, வெனிஸில் 2 இரவு என 9 இரவுகள் கொண்ட, நடுத்தர வசதியுள்ள பயணம். ஒரு யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். அறை, உணவு, விமானம் ஆகியவற்றுக்கு நான் கொடுத்திருப்பவை திட்டமிடுவதற்கான உத்தேசத் தொகைகள். நீங்கள் பதிவு செய்யும் நாளின் விலையை அந்த இடத்தில் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பே ரூபாயில் செலுத்தி முடிக்க வேண்டியவற்றைத் தனியே பிரித்துவிடுவது நல்லது. இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ; விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் இருவருக்கு ஏறக்குறைய 24,000 ரூபாய் ஒதுக்கலாம். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அதற்கு இருவருக்கும் சேர்த்து 3,000 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்க முடியும்; 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது கொடுக்க முடியாது. கைரேகை பதிவு செய்ய இருவருமே சென்னைக்குச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்த ஒரு நாள் விடுப்பையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

விசாவுக்காக வங்கிக் கணக்கின் விவரப்பட்டியலைக் கொடுக்கும்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இடையூறாக வரும். சீட்டு எடுத்த பணமோ நகைக்கடனில் வாங்கிய பணமோ விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாகக் கணக்கில் விழுந்திருந்தால், அது பயணத்துக்கான சேமிப்பாகத் தோன்றாது, விண்ணப்பத்துக்காகக் காட்டிய பணமாகத்தான் தோன்றும். ஓராண்டுக்கு முன்பே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதந்தோறும் இருவர் சம்பளத்திலிருந்தும் ஒரு தொகையைச் செலுத்தி வருவது இந்தச் சிக்கலையும் தீர்க்கும், பயணத்துக்கான பணத்தையும் வேறு செலவில் கரையாமல் காக்கும். சீட்டுப் பணம்தான் ஆதாரம் என்றால், அதற்கான ரசீதுகளை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுவது நல்லது.

சென்னையிலிருந்து இத்தாலிக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரங்களில் மாறிச் செல்வதே பெரும்பாலோர் வழி. பெங்களூரிலிருந்து டிக்கெட் சில ஆயிரம் குறைவாகக் கிடைத்தால் ஆசை வரும். அந்த விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், காட்பாடியிலிருந்து ரயிலில் போய் இறங்கினாலும் பெட்டிகளோடு ஊரைக் கடந்து போக வேண்டியிருக்கும். சென்னைக்கோ காட்பாடியிலிருந்து சென்ட்ரல், சென்ட்ரலிலிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம் என்று குறைந்த செலவில் முடிந்துவிடும். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாயாவது மிஞ்சினால் மட்டுமே பெங்களூரைப் பரிசீலிக்கலாம். அதைவிட முக்கியமானது, ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுப்பது. போகவர ஒரே நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசியில் விமானத்துக்காக ரோமுக்குத் திரும்பி ஓடுவது ஒரு ரயில் கட்டணத்தையும் அரை நாளையும் விழுங்கும். இருவருக்கான விமானக் கட்டணமாக 1,30,000 ரூபாயும், வேலூரிலிருந்து சென்னை சென்றுவர 3,000 ரூபாயும் இங்கே வைத்திருக்கிறேன்.

தங்கும் அறையில்தான் தம்பதியராகச் செல்வதன் லாபம் இருக்கிறது, ஏனெனில் அறைக்கு மட்டுமே வாடகை. மற்ற அனைத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ரோமிலும் புளோரன்ஸிலும் இரவுக்கு 110 யூரோ என்றும், வெனிஸுக்கு எதிரே நிலப்பரப்பில் உள்ள மெஸ்த்ரேயில் 100 யூரோ என்றும் வைத்தால் 9 இரவுக்கு 970 யூரோ ஆகிறது. இணையத்தில் தெரியும் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. நகராட்சி விதிக்கும் தங்கல் வரியைப் பெரும்பாலும் விடுதியிலேயே தனியாகச் செலுத்த வேண்டும். ரோமில் மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு 6 யூரோ என்பதால் நான்கு இரவுக்கு இருவருக்கு 48 யூரோ ஆகிவிடும். மூன்று நகரங்களுக்கும் சேர்த்து 100 யூரோவை இதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம். விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே பதிவு செய்ய வேண்டும். அவை சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அந்த வித்தியாசத்தைக் காப்பீட்டுத் தொகையாகவே எண்ணிக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்து, நாள்தோறும் இருவரும் நான்கு பேருந்துகள் ஏறி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெஸ்த்ரே இதற்கு விதிவிலக்கு: அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்து நிமிடப் பயணம்தான்.

வெனிஸுக்குப் பகலில் மட்டும் வந்துபோவோரிடம், வசந்த காலத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட சில நாள்களில், நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறை 2024இல் தொடங்கியது. முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்ளேயே இருப்பதால் அங்கு தங்குவோருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கையும் இணையத்தில் பதிவு செய்து சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது நகரங்களுக்கிடையிலான பயணம். அதிவேக ரயில்களை ட்ரெனிடாலியா, இடாலோ என்ற இரண்டு நிறுவனங்கள் இயக்குகின்றன. இவற்றின் கட்டணம் விமானக் கட்டணத்தைப் போல நாள் நெருங்க நெருங்க ஏறும். எனவே விசா கிடைத்த அன்றே ரோம்–புளோரன்ஸ், புளோரன்ஸ்–வெனிஸ் டிக்கெட்டுகளை எடுத்துவிடுவது உத்தமம். மெதுவாகச் செல்லும் வட்டார ரயில்களின் கட்டணம் மாறுவதில்லை, அவற்றுக்கு முன்பதிவும் தேவையில்லை. ஆனால் அவற்றின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம் விழும். ரோம் விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆளுக்கு 14 யூரோ. ரோமில் மெட்ரோ அல்லது பேருந்து டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். வெனிஸில் நீர்ப்பேருந்துக்கு 75 நிமிட டிக்கெட்டே 9.50 யூரோ என்பதால், அங்கு படகில் சுற்ற எண்ணுவோர் நாள் கணக்கிலான பாஸ் எடுப்பதே மேல். இவை யாவற்றுக்கும் 250 யூரோ போதும். வாடகைக் கார் வேண்டாம்: பழைய நகரப் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழையும் வண்டிகளைக் கேமரா படம் பிடித்துவிடும், ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வந்து சேரும்.

உணவுக்கு இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 60 யூரோ என்று வைத்திருக்கிறேன்: காலையில் காபியும் ரொட்டி வகையும் 8, மதியம் துண்டு பீட்சா 17, இரவு உட்கார்ந்து சாப்பிட 35. இந்தத் தொகைக்குள் நிற்பது பெரும்பாலும் எங்கே நின்று குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காபி தரும் மேடையருகே நின்றபடி குடிக்கும் எஸ்பிரெஸோ காபி ஒன்றேகால், ஒன்றரை யூரோதான். அதே கடையில் நாற்காலியில் அமர்ந்தால் விலை இரண்டு மூன்று மடங்காகலாம், வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் அதற்கும் மேல். நம் ஊர் டீக்கடையில் நின்று குடித்துப் பழகியவர்களுக்கு இதில் சிரமம் ஏதுமில்லை. உணவகத்தில் அமர்ந்த உடனே ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை இருக்கைக் கட்டணம் சேரும். அது ஏமாற்று வேலையன்று, விலைப்பட்டியலின் கடைசியில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். அதற்குமேல் டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரோம் நகரத் தெருக்களில் இடையறாது ஓடும் குழாய்களின் நீர் குடிக்கத் தகுந்தது. ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டே இருந்தால் தண்ணீருக்குச் செலவே வராது.

சைவ உணவினருக்குத் தக்காளியும் பூண்டும் மட்டும் இட்ட மரினாரா பீட்சா எங்கும் கிடைக்கும், பட்டியலில் அதுவே பெரும்பாலும் விலை குறைந்ததும்கூட. பார்மீசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்த்துச் செய்வது என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துச் சென்று, சமையலறை உள்ள குடியிருப்பு ஒன்றில் சோறு வடித்தால் இரண்டு மூன்று இரவுச் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை உண்டு. நெய் பாட்டிலும் கோழி ஊறுகாயும், ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டு போகும் எண்ணமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நுழைவுச் சீட்டுகளில் பணம் வீணாவது இடைத்தரகர்களிடம்தான். ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு 18 யூரோ, வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு 20 யூரோவும் இணையப் பதிவுக்கு 5 யூரோவும், பழங்கோயிலான பான்தியனுக்கு 5 யூரோ என்பவை அதிகாரப்பூர்வ விலைகள். இதே சீட்டுகளைப் பல மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள்தான் தேடும்போது முதலில் வந்து நிற்கும். கொலோசியம் சீட்டில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும், வாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு அனுமதி இலவசம். அன்றைய கூட்டத்தைப் பார்த்தால் கட்டணம் செலுத்திப் போவதே மேல் என்று தோன்றலாம். புனித பேதுரு பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை, ஆனால் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலையோ சுடிதாரோ அணிந்து செல்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. நுழைவுச் சீட்டுகளுக்கு மொத்தமாக 250 யூரோ.

இனிக் கூட்டிப் பார்க்கலாம். அறை 970, வரி 100, போக்குவரத்து 250, சீட்டுகள் 250, பத்து நாள் உணவு 600, ஆக 2,170 யூரோ, ரூபாயில் 2,27,850. புறப்படும் முன் செலுத்துபவை 1,60,000. இரண்டும் சேர்ந்து 3,87,850. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறக்குறைய 4,27,000 ரூபாய். யூரோ ஐந்து ரூபாய் ஏறினால் 10,850 ரூபாய் கூடும், அதை அந்தப் பத்து விழுக்காடே தாங்கிக்கொள்ளும்.

2,170 யூரோவை 9 இரவுகளால் வகுத்தால், இத்தாலியில் இருவரின் ஒரு நாள் செலவு சுமார் 25,000 ரூபாய் என்று வருகிறது. மிலனையும் நேபிள்ஸையும் பீசாவையும் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு நகர மாற்றத்துக்கும் அறையைக் காலி செய்வது, நிலையம் செல்வது, பயணம், புதிய அறைக்காகக் காத்திருப்பது என அரை நாள் போகும். அந்த அரை நாளின் விலை 12,500 ரூபாய். முன்பதிவில் கிடைத்த மலிவான ரயில் டிக்கெட்டை மட்டும் பார்த்து இதை மறந்துவிடக் கூடாது. அறையில் இரவுக்குப் பத்து யூரோ மிச்சம் பிடிக்க மணிக்கணக்கில் தேடுவதைவிட, ஒரு நகரத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது அதிகம் மிச்சப்படுத்தும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலில் இருக்கும் உறவினர்கள் மிலன் போய்வந்த அனுபவத்தில் செலவு சொல்வார்கள். அவர்கள் செல்வது பெரும்பாலும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு. அந்த நாள்களில் மிலனில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், செலவையும் நிறுவனமே ஏற்கும். அந்தத் தொகையைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம், அதே மாதங்களில் மிலனில் தங்கவும் வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, கிறிஸ்துமஸ் விடுமுறையையும் வெனிஸ் திருவிழாவையும் தவிர்த்தால், வாடகை கணிசமாகக் குறையும். வேலூர் வெயிலுக்குத் தப்பி ஜூலையில் ரோமுக்குப் போவதில் பொருளில்லை, அங்கும் அப்போது வெயில்தான்.

பணத்தைப் பெரும்பாலும் ஃபாரெக்ஸ் அட்டையில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் அட்டையில், ஏற்றிக்கொண்டு, தங்கல் வரிக்கும் சில்லறைச் செலவுக்கும் 200 யூரோவை ரொக்கமாக வைத்திருக்கலாம். அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் நட்டம் நிச்சயம். அட்டை இரண்டு வைத்திருந்தால் அவற்றை ஒரே பையில் வைக்காமல் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பொதுச் செலவுக்கு வெளியே, ஒருவர் மற்றவரிடம் கணக்குச் சொல்லத் தேவையில்லாத சொந்தச் செலவுக்கு ஆளுக்கு நூறு யூரோ தனியாக வைப்பதும் உதவும். வழியில் எழும் வாக்குவாதங்களில் பாதி அதனால் குறையும்.

அந்தச் சொந்தப் பணம் புளோரன்ஸின் தோல் கடைகளில்தான் பெரும்பாலும் இறங்கும். தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வாழும் நாம் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் அறிந்தே வாங்கலாம். தெருவில் விரித்து விற்கும் போலிப் பெயர்ப் பைகளை மட்டும் தொடக் கூடாது, இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கும் அபராதம் உண்டு. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி பொருளின் விலையோடு செலுத்திய வரியைத் திரும்பப் பெறுவதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, வெனிஸ் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கச் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். வாங்கிய பொருளைக் காட்டச் சொன்னால், அது அப்போது கையில் இருந்தாக வேண்டும்.