பொழுது சாயாத கோடையில் குழந்தைகளைத் தூங்க வைப்பது: ஸ்டாக்ஹோமில் முதல் கோடையைச் சந்திக்கும் பெற்றோருக்கு

எங்கள் மூத்த மகளுக்கு நான்கு வயது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சியுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவள், ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஆச்சி வீட்ல இருட்டிட்டு, நம்ம வீட்ல ஏம்மா இன்னும் இருட்டல?" என்று கேட்டாள். அங்கே அப்போது இரவு பத்தரை. இங்கே சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அன்று அவள் தூங்கும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு அவளுடைய ஒன்றரை வயதுத் தம்பி, முகத்தில் வெயில் விழ, கட்டிலில் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் இப்படியே போன பிறகுதான், கோடையில் குழந்தைகளின் தூக்கத்தை நாமாகத் திட்டமிட வேண்டும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

ஸ்டாக்ஹோம் ஏறத்தாழ 59 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் இங்கே சூரியன் காலை 3.30 மணியளவில் உதித்து இரவு 10 மணிக்குப் பிறகு மறைகிறது. பகல் மட்டும் பதினெட்டரை மணி நேரம். மறைந்த பிறகும் வானம் வெளிறியே இருப்பதால் முழு இருட்டு வருவதே இல்லை. சென்னையில் அதே நாளில் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் விளக்கு வைக்கும் நேரம் என்று ஒன்று உண்டு; அது வந்ததும் விளையாடப் போன பிள்ளைகள் வீடு திரும்புவார்கள், அடுப்பில் இரவுச் சமையல் ஏறும், சிறு குழந்தைகளுக்குக் கண் சொக்கும். இங்கே கோடையில் அந்த நேரம் தானாக வருவதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் அதை வரவழைக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து, எங்கள் வீட்டில் பலன் கொடுத்த முறையைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆஸ்லோவும் ஹெல்சிங்கியும் ஏறத்தாழ இதே அட்சரேகையில் இருப்பதால், அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: தூங்கும் அறையை இருட்டாக்குங்கள்

இருட்டில்தான் மூளை மெலடோனின் என்ற தூக்கத்துக்கான சுரப்பை வெளிவிடுகிறது. கண்ணில் வெளிச்சம் படும்போது அது குறைகிறது. ஆகவே முதல் வேலை ஜன்னல்தான்.

முதலில் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். வடக்குப் பக்க அறையில் வெயில் வராது என்று நாம் எண்ணிக்கொள்வோம். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், அந்த அறைக்குத்தான் காலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சாய்ந்த வெயில் நேராக வந்து விழுகிறது. குழந்தையின் அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், தெற்குப் பக்க அறை தூக்கத்துக்கு நல்லது. ஆனால் பகலில் அது சூடேறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடுகளில் ஜன்னலோடு சேர்ந்து வரும் வெள்ளைப் பட்டைத் திரைகள் வெயிலின் கூச்சத்தைத்தான் குறைக்கும், இருட்டைத் தராது. வெளிச்சம் புகாத சுருள் திரையை வாங்குங்கள். கண்ணாடியின் அகலத்தை மட்டும் அளந்து வாங்கியதுதான் நாங்கள் முதலில் செய்த பிழை. திரையின் இரு ஓரங்களிலும் விரல் அகலத்துக்கு வெளிச்சக் கோடு விழுந்து, அது சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே எங்கள் மகன் விழித்துக் கிடந்தான். ஜன்னல் சட்டத்தையும் சேர்த்து மூடும்படி, பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக அளவெடுங்கள். வெளிப்புறம் வெள்ளையாக உள்ள திரை வெப்பத்தையும் ஓரளவு திருப்பி அனுப்பும். தொங்கும் கயிறு உள்ள திரையைக் குழந்தைகள் அறையில் மாட்டவே மாட்டாதீர்கள். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், அடர்ந்த கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் பட்டையால் பொருத்தலாம். கண்ணாடியின் மேல் நேரடியாக எதையும் ஒட்ட வேண்டாம், வெயிலில் கண்ணாடி சூடேறி விரிசல் விடக்கூடும்.

பொருத்திய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் பழகிய பிறகு, நீட்டிய கையின் விரல்களை எண்ண முடிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று பொருள். கதவின் அடிப்பகுதியையும் பாருங்கள். ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலே அது சரியாகிவிடும்.

படி 2: அறையைக் குளிர வையுங்கள்

இங்குள்ள வீடுகள் குளிர்காலத்தில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. நாடெங்கும் காட்டுத்தீ பரவிய 2018-ஆம் ஆண்டுக் கோடையைப் போன்ற நாட்களில், அந்தச் சுவர்கள் இரவிலும் சூட்டை விடாது. வெயில் படும் பக்கத்துத் திரைகளைக் காலையிலேயே இறக்கிவிட்டு, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். ஜன்னலில் குழந்தைப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும், கட்டிலையோ நாற்காலியையோ ஜன்னலுக்குக் கீழே போடாமல் இருப்பதும் இதைவிட முக்கியம்.

படி 3: பகல் தூக்கத்தையும் இரவு உணவையும் முன்னால் நகர்த்துங்கள்

இங்குள்ள பாலர் பள்ளிகளில் மதிய உணவு பதினொன்றரை மணிக்கு முன்பின்னாகவும், 'மெல்லன்மோல்' என்னும் சிற்றுண்டி பிற்பகல் இரண்டு மணியை ஒட்டியும் கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பழக்கப்படி எட்டரை மணிக்குச் சாப்பாடு என்றால், குழந்தை பசியில் அழுது, தாமதமாகச் சாப்பிட்டு, வயிறு நிறைந்த உற்சாகத்தில் மறுபடி விளையாடத் தொடங்கிவிடும். நாங்கள் இரவு உணவை ஐந்தரைக்கு மாற்றினோம். முதல் வாரம் பெரியவர்களுக்குத்தான் கடினமாக இருந்தது. இட்லி, தயிர் சாதம், பருப்பு சாதம் போன்ற எளிய உணவு போதும். குளிர்காலம் முழுவதும் மின்சார ஓவனுக்குள் விளக்கைப் போட்டுப் புளிக்க வைத்த மாவு, ஜூலையில் சமையலறை மேடையிலேயே ஒரே இரவில் பொங்கி வருவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

பகல் தூக்கம் பிற்பகல் இரண்டரை மணிக்குள் முடிந்துவிடட்டும். தள்ளுவண்டியில் வெளியே தூங்க வைப்பது இந்நாட்டு வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் வெயிலை மறைக்கிறோம் என்று வண்டியின் மேல் போர்வையோ துணியோ போர்த்தி மூடிவிடாதீர்கள், மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்று தடைப்பட்டு வெப்பம் வேகமாக ஏறும். மர நிழலில் வண்டியை நிறுத்துங்கள்.

ஊருக்குத் தொலைபேசுவதையும் காலைக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் இந்தியாவுக்கும் இங்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை எட்டு என்றால் அங்கே பதினொன்றரை. ஆச்சியும் ஓய்வாக இருப்பார், குழந்தையும் தூக்கத்துக்கு முன்னால் திரையைப் பார்த்து விழித்துக்கொள்ளாது.

படி 4: காலையிலேயே வெளியே செல்லுங்கள்

காலை வெளிச்சமும் ஓட்டமும்தான் இரவுத் தூக்கத்துக்கு உரம். பகல் பதினொன்று முதல் மூன்று வரை புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால் அதற்கு முன்போ பின்போ செல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நேரடி வெயிலில் வைக்கக் கூடாது. நம்முடைய மாநிறத்துக்கு இந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். வைட்டமின் டி சொட்டு மருந்தை இரண்டு வயது வரை கோடையிலும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். நிறம் கூடிய குழந்தைகளுக்கு அதன் பிறகும் தேவைப்படலாம் என்பதால், குழந்தை நல மையச் செவிலியரைக் கேட்டுவிடுங்கள்.

எங்கே செல்வது என்ற கவலை இந்நகரத்தில் இல்லை. 'பார்க்லேக்' எனப்படும், பணியாளர்கள் உள்ள பூங்காக்கள் இலவசம்; பல இடங்களில் கணுக்கால் அளவுத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. லோங்ஹோல்மன், ஸ்மெட்சுட்ஸ்பாதெட் போன்ற மேலாரன் ஏரிக்கரைகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன. தண்ணீரில் குழந்தை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருட்களே தவிர, பாதுகாப்புக் கருவிகள் அல்ல.

படி 5: மாலைக் குளியலோடு உண்ணி தேடுங்கள்

இந்தப் படியை ஒரு நாளும் விடாதீர்கள். உண்ணி என்றால் நமக்கு மாடும் நாயும் நினைவுக்கு வரும். இங்கே புல்லிலும் புதரிலும் இலைச் சருகிலும் இருக்கும் உண்ணி மனிதர் மேலும் ஏறுகிறது. ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டமும் மேலாரன் ஏரியைச் சுற்றிய பகுதியும் இதற்குப் பேர்போனவை. ஸ்வீடிஷ் மொழியில் இதன் பெயர் 'ஃபெஸ்டிங்'. பாலர் பள்ளியில் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்பீர்கள்.

இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். எங்கள் மகளின் காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டு மண் என்று நினைத்து விரலால் தேய்த்தேன், போகவில்லை. விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தபோதுதான் அதற்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து ஆறே காலுக்குக் குளியல், அதனோடு சோதனை என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம்: தலைமுடி ஓரம், காதுகளின் பின்புறம், கழுத்து, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம். மகள் இந்த வரிசையைப் பாட்டாகவே சொல்லிக்கொள்வாள்.

கண்டால், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். எண்ணெய், வெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, கடித்த இடத்தையும் தேதியையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பொரேலியா என்ற நோய்க் கிருமி உடலுக்குள் செல்ல வழக்கமாக ஒரு நாள் அளவுக்கு நேரம் பிடிப்பதால், தினசரிச் சோதனையே அதற்கு நல்ல தடுப்பு. அடுத்த சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் சிவந்த வட்டம் படர்ந்தால் 1177 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். நோய் உறுதியானால் ஆன்டிபயாட்டிக் மருந்தில் குணமாகும். மூளையைத் தாக்கும் டி.பி.இ. வைரஸ், உண்ணி கடித்தவுடனேயே பரவக்கூடியது. அதற்கு ஒரு வயதிலிருந்தே தடுப்பூசி உண்டு. முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையே ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி தேவை என்பதால் வசந்தத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

படி 6: வீட்டுக்குள் மாலையை வரவழையுங்கள்

குளியல் முடிந்ததும் ஆறே முக்காலுக்கு வீடு முழுவதும் திரைகளை இறக்குங்கள். படுக்கையறையை மட்டும் இருட்டாக்கினால், வெளிச்சமான கூடத்திலிருந்து குழந்தையை இழுத்துக்கொண்டு போவது போலாகிவிடும். தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சாமி விளக்கை ஏற்றுகிறோம். சுடரைப் பார்த்ததும் சின்னவன் தானாக வந்து மடியில் உட்கார்ந்துவிடுவான். பிறகு ஒரு கதை, ஒரு தாலாட்டு, ஏழரைக்குப் படுக்கை. வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கத்தான் செய்யும். மின்விசிறியின் ஓசை அதை மூடிவிடும்.

புதிய நேரத்துக்கு ஒரே நாளில் தாவ வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பத்து மணிக்குத் தூங்கிய குழந்தை ஏழரைக்கு வர ஒரு மாதம் ஆகும், ஆகவே மே மாதத்திலேயே தொடங்குவது நல்லது. மெலடோனின் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

படி 7: நான்கு மணிக்கு எழுந்தால்

திரையைத் திறக்காதீர்கள், விளக்கைப் போடாதீர்கள், பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்டால் கொடுத்துவிட்டு, மறுபடி படுக்க வைத்து முதுகில் தட்டுங்கள். ஆறு மணிக்கு முன் எக்காரணத்துக்காகவும் நாள் தொடங்காது என்பதில் வீட்டில் உள்ள இருவரும் உறுதியாக இருக்க வேண்டும். எங்களுக்கு இது பிடிபட ஒன்பது நாட்கள் ஆயின.

விடுமுறை வாரங்களுக்கு ஒரு குறிப்பு

ஜூலையில் பல பாலர் பள்ளிகள் மூடப்படும், அல்லது வேறொரு பள்ளியோடு சேர்த்து நடத்தப்படும். எந்த வாரங்களில் இடம் வேண்டும் என்று வசந்தத்திலேயே கேட்பார்கள். அந்தக் கடிதத்தைத் தவறவிடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பு எடுக்கப் பணியாளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஓரிரு வாரம் முன்பின்னாக எடுத்தால் பள்ளி இல்லாத நாட்களைச் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு வாரமாவது எல்லாரும் சேர்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையில் கொண்டாடப்படும் மிட்சோம்மர் என்ற கோடைத் திருவிழா அன்று, பூக்கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடும்போது குழந்தைகளை ஏழரைக்குப் படுக்க வைக்க முயல வேண்டாம். அந்த ஒரு நாள் அவர்கள் விருப்பப்படி விழித்திருக்கட்டும், மறுநாள் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஆகஸ்டில் பகல் வேகமாகக் குறையும். மாத இறுதியில் எட்டு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். செப்டம்பர் முதல் வாரத்தில் கறுப்புத் துணியைக் கழற்றித் துவைத்து, எந்தத் துண்டு எந்த ஜன்னலுக்கு என்று ஓரத்தில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த ஏப்ரல் கடைசியில் அது மறுபடி தேவைப்படும்.